கெடா தோட்டங்களில் நெஞ்சுவலி: டிரசர் காலமும் பின்னும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெடா ரப்பர் தோட்டங்களில் நெஞ்சு நோவு பெரும்பாலும் காய்ச்சலோடும் சோகையோடும் சேர்ந்தே வந்தது. 1909இல் கெடா சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷ் பாதுகாப்புக்குள் வந்தபின், கூலிம், சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் காடழித்து ரப்பர் நட்டார்கள். கங்காணிகள் அழைத்துவந்த தமிழர்களை மலேரியாவும் நிமோனியாவும் கொக்கிப்புழுவும் வாட்டின. புழு இரத்தத்தை உறிஞ்சிச் சோகை முற்றியவருக்கு, பால் வாளியோடு மேட்டு நிரையில் ஏறும்போதே மூச்சு வாங்கி நெஞ்சு படபடத்தது.

அன்றைய மலாயாவில் இதயத்தையே தாக்கிய நோய் பெரிபெரி. தீட்டிய வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பலர் கால் வீங்கி, இதயம் பெருத்து மாண்டனர். தமிழரிடம் அது அரிது. அவர்கள் உண்டது புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. புழுங்கல் அரிசி பெரிபெரியைத் தடுப்பதை 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் தொடங்கிய சோதனை காட்டியது. ஊர்ச் சோற்றுப் பழக்கம் கடல் கடந்தும் எத்தனையோ உயிரைக் காத்தது.

நோயாளி முதலில் போய் நின்றது தோட்ட மருந்தகத்து உதவியாளரான டிரசரிடம். பெரட்டு எனப்படும் காலை ஆளெடுப்பில் வேலைக்கு முடியாதவர்கள் மருந்தகத்துக்குப் போவார்கள். டிரசர் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். மலேரியாவுக்கான கொயினாவும் மிக்ஸ்சரும் புண்ணுக்குக் கட்டும் அவர் கைவசம் இருந்தன. மருத்துவர் பல தோட்டங்களுக்குப் பொதுவானவர். டிரசர்களைப் பதிவுசெய்யும் சட்டம் 1965இல்தான் வந்தது. நள்ளிரவில் நெஞ்சு வலித்தால், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ‘காத்து அடைச்சிருக்கு’ என்று தைலம் தேய்த்து, ஓமத் தண்ணீர் கொடுத்து, விடியட்டும் என்று காத்திருந்தார்கள். வண்டி தோட்ட நிர்வாகியான துரையின் கையில் இருந்த நாளில் வேறு வழியும் குறைவு.

பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் தாமான் எனும் பட்டணத்துக் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தன. கூடவே நோயும் மாறியது. மலேசியாவின் தேசியச் சுகாதார ஆய்வுகளில் நீரிழிவு இந்தியரிடையேதான் மிக அதிகம். இதயத் தமனி நோய் நாட்டின் முதன்மையான மரணக் காரணங்களுள் ஒன்று. விடியும்வரை காத்திருக்கும் வழக்கம் மட்டும் பல வீடுகளில் இன்னும் விடவில்லை.

நெஞ்சுவலி எல்லாம் மாரடைப்பு ஆகாது. பளு தூக்கிப் பிடித்துக்கொண்ட தசை, அழுத்தினால் வலிக்கும். வயிறு நிறைய உண்டு படுத்ததும் நெஞ்செரிச்சல் கூடும். நிமோனியா வலி மூச்சை இழுக்கும்போது குத்தும். படியேறும்போது வந்து, நின்றால் தணியும் இறுக்கம் தமனி சுருங்கியதன் அடையாளமாக இருக்கலாம். அதை நாள் கடத்தாமல் பரிசோதிக்க வேண்டும். நடுநெஞ்சில் பாரம் ஏற்றியதுபோன்ற அழுத்தம் சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, கை, தாடை, முதுகுக்குப் பரவினாலோ, வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தாலோ அது அவசரம். நீரிழிவுக்காரர், முதியவர், பெண்கள் ஆகியோருக்கு மாரடைப்பு பெரிய வலியே இல்லாமல் குமட்டலும் களைப்புமாகவும் வரக்கூடும். அடைத்த இரத்தக் குழாயைத் திறக்கும் மருந்தும் பலூன் சிகிச்சையும் முதல் சில மணி நேரத்தில்தான் இதயத் தசையை நன்றாகக் காக்கும்.

இன்று பீடோங்கிலிருந்து சுங்கைப் பட்டாணியின் சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனை எட்டிவிடும் தூரம்தான். இந்த அடையாளங்கள் தெரிந்தால் தைலம் தேடி நேரத்தைப் போக்காமல், நோயாளியை வண்டி ஓட்டவும் விடாமல், உடனே 999ஐ அழைக்க வேண்டும்.