கெல்னர் பார்க்காத ஜமாஅத்

எர்னெஸ்ட் கெல்னர்னு ஒரு மானுடவியல் அறிஞர். 1994ல் 'கண்டிஷன்ஸ் ஆஃப் லிபர்ட்டி'ன்னு ஒரு புத்தகம் எழுதினார். சிவில் சமூகம்தான் விஷயம். அரசாங்கமும் இல்லாம, குடும்பமும் இல்லாம, நடுவுல மக்களே சேர்ந்து நடத்துற சங்கம், அறக்கட்டளை, பத்திரிகை, யூனியன் எல்லாத்துக்கும் சேர்த்து வைத்த பெயர் அது. இந்த மாதிரி அமைப்புகள் இஸ்லாமிய சமூகத்தில் வேர் பிடிக்காது, அங்கே உம்மா என்ற ஒரே பெரிய சமூகமும் அதன் சட்டமும் போதும் என்று ஆகிவிடுகிறது என்பது அவர் வாதம். பெரிய படிப்பாளிதான், சந்தேகமே இல்லை. ஆனா மனுஷன் ஒரு தடவை நம்ம பக்கம் வந்திருக்கலாம்.

சூரமங்கலத்தில் இருக்கிற சேலம் ஜங்ஷனில் மெட்ராஸ் போற வண்டி ஏறினால், ஜோலார்பேட்டை தாண்டி வாணியம்பாடி, அப்புறம் ஆம்பூர். தோல் வாசனையிலேயே ஊர் தெரிந்துவிடும் :-) அங்கே தோல் வியாபாரத்தில் வந்த காசில் முஸ்லிம்கள் ஒரு கல்விச் சங்கம் வைத்து, 1919லேயே இஸ்லாமியா கல்லூரியைத் தொடங்கிவிட்டார்கள். 1951ல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரி, அதே வருஷம் சென்னையில் நியூ காலேஜ். எல்லாம் வியாபாரிகளும் சங்கங்களும் சேர்ந்து உண்டாக்கினது. இங்கெல்லாம் எல்லா மதத்துப் பசங்களும்தான் படிக்கிறார்கள்.

இதுக்கு வேர் ரொம்பப் பழசு. வக்ஃப். ஒருத்தர் தன் நிலத்தையோ கடையையோ இறைவன் பெயரில் எழுதி வைத்துவிட்டால் அதை விற்க முடியாது, வாரிசு பங்கு கேட்க முடியாது. வருமானம் மட்டும் பள்ளிவாசலுக்கோ, மருத்துவமனைக்கோ, குடிதண்ணிக்கோ, ஏழைகளுக்கோ போகும். முத்தவல்லி பார்த்துக்கொள்வார். சுல்தானே வந்தாலும் அதில் சுலபமா கைவைக்க முடியாது என்பதுதான் முக்கியம். அரசனுக்கு வெளியே ஒரு பொதுச்சொத்து.

நம்ம நாட்டில் இதுக்கு ஒரு சுவாரசியமான சண்டை நடந்தது. குடும்பத்துக்கு முதலில், ஏழைகளுக்குக் கடைசியில் என்று எழுதும் வக்ஃப் செல்லாது என்று 1894ல் லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. இங்கே கடும் எதிர்ப்பு, மனு மேல் மனு. கடைசியில் ஜின்னா (ஆமா, அதே ஜின்னாதான்) இம்பீரியல் லெஜிஸ்லேட்டிவ் கவுன்சிலில் கொண்டுவந்த மசோதா 1913ல் சட்டமாகி, அந்தத் தீர்ப்பைத் திருப்பிப் போட்டது. மனு எழுதி, கூட்டம் போட்டு, சட்டசபையில் வாதாடி ஒரு சட்டத்தை வாங்குவதுக்குப் பேர் சிவில் சமூகம் இல்லைன்னா வேறு எதுக்கு?

சரி, பெரிய கதையெல்லாம் விடுவோம். ஊர் ஜமாஅத்தை எடுத்துக்குங்க. வீட்டுக்கு இவ்வளவு என்று சந்தா, கணக்கு நோட்டு, தேர்ந்தெடுத்த நிர்வாகிகள், கல்யாணத்தைப் பதிகிற புத்தகம், கபரஸ்தான், ஏழைப் பெண் கல்யாணத்துக்கு உதவி, புருஷன் பெண்டாட்டி தகராறுக்குப் பஞ்சாயத்து. சர்க்கார் காசு இல்லாமல் இவ்வளவும் ஓடுகிறது.

ஆனா கெல்னருக்கு இதோட பதில் சொல்லிவிட்டு ஜாலியா எழுந்து போக முடியாது. அந்தப் பஞ்சாயத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? ஆம்பளைங்க மட்டும். எங்கே நடக்கிறது? பெரும்பாலும் பள்ளிவாசலில். பெண்கள் உள்ளே வர வழக்கம் இல்லாத இடத்தில், அந்தப் பெண்ணோட தலாக்கையும் ஜீவனாம்சத்தையும் பேசி முடிக்கிறார்கள். அவள் சார்பில் அப்பாவோ அண்ணனோ பேசினால் உண்டு.

இந்த ஓட்டையைப் பிடித்தவர் புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானம். 'ஸ்டெப்ஸ்' என்ற பெண்கள் அமைப்பை நடத்தியவர். அங்கே வந்த முஸ்லிம் பெண்களின் வழக்குகள் சுற்றிச் சுற்றி ஜமாஅத்திலேயே போய் முட்டின. அவர் ஜமாஅத்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. பெண்களுக்கு ஒரு ஜமாஅத் வைத்தார்! 2004 வாக்கில் பெண்களுக்கென்று தனிப் பள்ளிவாசல் கட்டப்போகிறோம் என்று சொன்னபோது தேசமே திரும்பிப் பார்த்தது, எதிர்ப்பும் பலமா வந்தது. பெண்களே மனுவை வாங்கி, இரண்டு தரப்பையும் கூப்பிட்டு, குர்ஆனையும் சட்டத்தையும் வைத்துப் பேசினார்கள். தேவைப்பட்டால் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனார்கள். தீபா தன்ராஜ் 2011ல் எடுத்த ஆவணப்படத்தில் இதைப் பார்க்கலாம்.

எனக்கு இதில் பிடித்ததே அந்தப் பெயர்தான். 'மகளிர் மன்றம்'னு வைத்திருந்தால் யாரும் கோபப்பட்டிருக்க மாட்டார்கள். ஜமாஅத் என்ற வார்த்தையிலேயே உரிமை கேட்டதுதான் பலருக்குச் சுட்டது.

கோர்ட் பக்கமும் ஒருத்தர் போனார். பதர் சயீத். வழக்கறிஞர், தமிழ்நாடு வக்ஃப் வாரியத்தின் தலைவராக இருந்தவர், 2006ல் திருவல்லிக்கேணி எம்.எல்.ஏ.வும் ஆனவர். காஜிகள் கொடுக்கும் தலாக் சான்றிதழை எதிர்த்து அவர் போட்ட வழக்கில், அது வெறும் அபிப்பிராயம்தான், அப்படிக் கொடுக்கக்கூடாது என்று 2017 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டது. அதே ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் உடனடி முத்தலாக் செல்லாது என்றது. 2019ல் அது குற்றம் என்று சட்டமும் வந்தது. புருஷனை ஜெயிலில் போட்டால் ஜீவனாம்சம் யார் கொடுப்பது என்ற கேள்வியும் கூடவே வந்தது. நியாயமான கேள்விதான்.

வக்ஃப் வாரியத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்கணும் என்று 2013 திருத்தத்திலேயே எழுதிவிட்டார்கள். தெரு ஜமாஅத்துக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. அதன் விதிகளை அதன் உறுப்பினர்களேதான் எழுதிக்கொள்கிறார்கள்.