பிரான்சுக்குப் போகாத மேரி

மைக் ஓல்ட்ஃபீல்ட் என்ற ஆங்கில இசைக்காரர் 1984-ல் வெளியிட்ட பாட்டு ‘டூ பிரான்ஸ்’. தலைப்பைப் பார்த்தால் பிரான்சுக்குப் புறப்படுகிறவர் பாடும் உற்சாகப் பாட்டு என்றுதான் தோன்றும். மெட்டும் அப்படித்தான் துள்ளிக்கொண்டு வரும். ஆனால் பாட்டு சொல்வது நேர் எதிர்: நீ பிரான்சுக்குப் போய்ச் சேரவே மாட்டாய் என்பது. சொல்லப்படுகிறவள் மேரி. பாட்டில் ஸ்காட்லாந்து என்ற சொல் வருவதில்லை. ஆனாலும் 16-ஆம் நூற்றாண்டு சரித்திரம் கொஞ்சம் படித்தவர்களுக்கு இது மேரி ஸ்டூவர்ட் என்பது உடனே புரிந்துவிடும்.

எண்பதுகளில் புதுச்சேரியில் இந்தப் பாட்டு எனக்குக் கேசட்டில்தான் கிடைத்தது. பாரீசிலிருந்து விடுமுறைக்கு வருகிற உறவினர்கள் சென்ட், சாக்லேட்டோடு கேசட்டும் கொண்டுவருவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமைக்குக் காகிதம் போட்டுவிட்டுக் காத்திருந்த பையன்கள் தெருவில் இருந்தார்கள். அவர்கள் ‘பிரான்ஸ்’ என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு சந்தோஷமாக ஆடினார்கள். அர்த்தம் சொல்லி அவர்கள் மனத்தைக் கெடுப்பானேன் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

ஓல்ட்ஃபீல்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1953-ல் ரெடிங் நகரில் பிறந்தவர். ஒரு வாத்தியத்தை வாசித்து டேப்பில் பதிவு செய்வார். அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த வாத்தியத்தை அதன்மேல் வாசிப்பார். இப்படிப் பெரும்பாலும் தனியாளாகவே, இருபது வயது ஆகுமுன் உருவாக்கியதுதான் ‘டியூபுலர் பெல்ஸ்’. 1973-ல் வர்ஜின் நிறுவனம் வெளியிட்ட முதல் இசைத்தட்டு அதுதான். ‘எக்ஸார்சிஸ்ட்’ படத்தில் அதன் ஆரம்பத்தைச் சேர்த்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. கிதார், பேஸ், பியானோ, ஆர்கன், மணிகள் என்று எல்லாம் கைக்கு வரும். ஆனால் பாடுவதற்கு மட்டும் பெரும்பாலும் வேறு ஒருவரை அழைத்துக்கொள்வார். எண்பதுகளில் அவர் சின்னப் பாட்டுகளுக்கு இறங்கியபோது அந்த இடத்துக்கு வந்தவர் மேகி ரைலி. 1983-ல் இருவரும் சேர்ந்து தந்த ‘மூன்லைட் ஷாடோ’ பிரிட்டனில் 4-ஆம் இடம் பிடித்தது. ஐரோப்பாவில் பல நாடுகளில் முதலிடம். அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்து மலைமேல், ஜெனீவா ஏரி கீழே தெரிகிற இடத்தில் உட்கார்ந்து ‘டிஸ்கவரி’ என்ற தொகுப்பைப் பதிவு செய்தார்கள். டிரம்ஸ் சைமன் பிலிப்ஸ். ‘டூ பிரான்ஸ்’ அதில் முதல் பாட்டு. பிரிட்டனில் அது 48-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. ஜெர்மனி பக்கம் நன்றாக ஓடியது.

இனி மேரியின் கதை. 1542 டிசம்பர் 8-ல் பிறந்தார். ஆறாம் நாளே தந்தை ஐந்தாம் ஜேம்ஸ் இறந்துபோனார்; தொட்டிலில் இருந்த குழந்தை ஸ்காட்லாந்துக்கு ராணி. தன் மகனுக்கு அந்தக் குழந்தையை நிச்சயம் செய்யச் சொல்லி இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி படையனுப்பி ஊர்களைக் கொளுத்தினார். பெண் கேட்கிற லட்சணம் இது! தாய் மரி த கீஸ் பிரெஞ்சுக்காரி. 1548-ல் ஐந்து வயது மகளைப் பிரான்சுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே பதின்மூன்று வருஷம். பேச்சு, எழுத்து, பாட்டு, பூத்தையல் எல்லாம் பிரெஞ்சு முறையில் கற்றார். ஸ்காட்லாந்தில் ‘ஸ்டீவர்ட்’ என்றிருந்த வம்சப் பெயர் ‘ஸ்டூவர்ட்’ என்று பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் நிலைத்ததும் இவர் காலத்தில்தான். 1558-ல் பட்டத்து இளவரசன் பிரான்சுவாவோடு நோத்ருதாம் ஆலயத்தில் கல்யாணம். 1559-ல் பிரான்சின் ராணி. 1560 டிசம்பரில் காது நோயால் கணவன் மரணம். பதினெட்டு வயது நிறையுமுன் விதவை.

1561 ஆகஸ்டில் கலே துறைமுகத்திலிருந்து ஸ்காட்லாந்துக்குக் கிளம்பினார். வழியனுமதிச் சீட்டு கேட்டதற்கு எலிசபெத் ராணி மறுத்துவிட்டார். அதே கப்பல் கூட்டத்தில் போன பிராந்தோம் என்பவர் எழுதி வைத்திருக்கிறார்: மேரி கப்பலின் பின்பக்கத்தில் நின்று அழுதுகொண்டே கரையைப் பார்த்திருந்தாராம், மேல்தளத்திலேயே படுக்கை போடச் சொல்லி, விடிந்தபோது கரை இன்னும் தெரிந்தால் எழுப்பும்படி சுக்கான் பிடிப்பவனிடம் சொன்னாராம். பள்ளியில் எங்களுக்கு ஒரு விடைபெறும் கவிதையை மேரியே எழுதியதென்று சொல்லித் தந்தார்கள். பின்னாளில் படித்தால் அது 18-ஆம் நூற்றாண்டில் மேனியே த கெர்லோன் என்ற பத்திரிகையாளர் கட்டிவிட்டது. பிராந்தோம் எழுதியதே போதுமாயிருந்தது, போலிக் கவிதை எதற்கு?

அடுத்த ஏழு வருஷத்தில் நடந்த மறுமணம், கொலை, கலகம், மூன்றாம் கல்யாணம் ஆகியவற்றைப் பற்றி நூற்றுக்கணக்கில் புத்தகங்கள் இருக்கின்றன. நான் அதற்குள் போகவில்லை. 1567 ஜூலையில் பட்டத்தைத் துறக்க வைத்தார்கள். 1568 மே 2-ல் ஏரி நடுவிலிருந்த லாக்லீவன் சிறையிலிருந்து தப்பினார். ஆதரவாளர்கள் திரண்டார்கள். மே 13-ல் லாங்சைடு என்ற இடத்தில் சண்டை. கொஞ்ச நேரத்தில் தோல்வி. அந்த லாங்சைடு இன்று கிளாஸ்கோ நகருக்குள்ளேயே இருக்கிறது. மேகி ரைலி பிறந்தது அதே கிளாஸ்கோவில்! ஓல்ட்ஃபீல்ட் இதை யோசித்து அவரைப் பாட வைத்திருக்க மாட்டார். ஆனாலும் இது தெரிந்த பிறகு அந்தக் குரல் எனக்கு வேறு மாதிரி கேட்கிறது.

தெற்குக் கரையில் டண்ட்ரெனன் மடத்துக்கு வந்து சேர்ந்தபோது மேரிக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று பிரான்ஸ். அங்கே அவர் முன்னாள் ராணி. டூரேன், புவாத்து பகுதிகளின் வருமானம் அவருக்கு எழுதிவைக்கப்பட்டிருந்தது. தாய்வழி உறவினர்கள் செல்வாக்கோடு இருந்தார்கள். இன்னொன்று இங்கிலாந்து. கூட இருந்தவர்கள் அங்கே போக வேண்டாம் என்று மன்றாடினார்கள். மேரி கேட்கவில்லை. எலிசபெத் ஒன்றுவிட்ட அத்தை முறை. ஒரு ராணி இன்னொரு ராணியைக் கைவிடமாட்டாள் என்று நம்பினார். மே 16-ல் மீன்பிடிப் படகு ஒன்றில் சால்வே கடற்கழியைத் தாண்டி ஒர்க்கிங்டனில் இறங்கினார். சில மணி நேரப் பயணம்தான். அதற்கப்புறம் ஏறக்குறைய 19 வருஷம் காவல்.

பாட்டில் அலைகடலும், தண்ணீர் ஏறும் படகும், அடைக்கலம் தேடும் பெண்ணும் வருகிறார்கள். அந்தப் படகு பிரான்சைப் பார்த்துப் போவதாகத் தோன்றும். சரித்திரத்தில் அப்படி ஒரு படகு புறப்படவே இல்லை. பாட்டு எழுதுகிறவர் அந்த அளவு மாற்றிக்கொள்ளலாம், தவறில்லை.

சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் ஏராளம், முக்கால்வாசி பிரெஞ்சில். 2023-ல் மூன்று சங்கேத ஆராய்ச்சியாளர்கள் பாரீஸ் தேசிய நூலகத்தில் இருந்த ஒரு கட்டைப் படித்து, மேரி 1578-க்கும் 1584-க்கும் இடையில் எழுதிய 57 கடிதங்களைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலானவை லண்டனிலிருந்த பிரெஞ்சுத் தூதர் கஸ்தெல்னோவுக்கு எழுதியவை. எழுத்தெல்லாம் சங்கேதக் குறி என்பதால் யாரோ அதை இத்தாலிய ஆவணம் என்று பட்டியலில் சேர்த்திருந்தார்கள். கோப்பு மாறிப் போனால் என்ன ஆகும் என்று ஆபீசில் வாழ்நாளைக் கழித்த என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசிக் கடிதம். மறுநாள் காலை எட்டு மணிக்குத் தலையை வெட்டப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். 1587 பிப்ரவரி 8, அதிகாலை இரண்டு மணி. இடம் ஃபோதரிங்கே கோட்டை. கணவரின் தம்பியான பிரான்ஸ் மன்னர் மூன்றாம் ஆன்றிக்கு எழுதுகிறார். தான் கத்தோலிக்க மதத்துக்காகச் சாவதாகச் சொல்கிறார். இறந்தபின் உடலைப் பிரான்சுக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டும் கிடைக்கவில்லை என்கிறார். பிறகு வருவது பட்டியல்: தன் வேலைக்காரர்களுக்குச் சேரவேண்டிய சம்பளத்தைக் கொடுத்துவிடுங்கள், கையில் பணமில்லாமல் சாகிறேன், எனக்காகப் பூசை வைக்க ஏற்பாடு செய்யுங்கள். கொலைமேடைக்கு ஆறு மணி நேரம் முன்னால் சம்பள பாக்கியை நினைத்த ராணி! மற்ற விஷயங்களில் அவரைப் பற்றி யார் என்ன சொன்னாலும், இந்த ஒரு வரிக்காக நான் அவர் கட்சி.

உடல் பிரான்சுக்குப் போகவில்லை. பீட்டர்பரோவில் புதைத்தார்கள். மகன் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கு அரசனான பின் 1612-ல் வெஸ்ட்மின்ஸ்டருக்கு மாற்றினார். எலிசபெத்தின் சமாதியும் அதே ஆலயத்தில்தான்.

பாட்டைக் கேட்க நினைப்பவர்கள் ஓல்ட்ஃபீல்டின் முதல் பதிவையே கேளுங்கள். பிளைண்ட் கார்டியன் என்ற ஜெர்மன் குழு பாடியதும் கிடைக்கிறது; சத்தம் அதிகம், என் காதுக்கு ஒத்துவரவில்லை. அந்தக் கடைசிக் கடிதம் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கிறது. படத்தை இணையத்தில் பார்க்கலாம். பழைய எழுத்துக்கூட்டல், பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கும் இரண்டு மூன்று முறை படித்தால்தான் பிடிபடும். கையெழுத்து மட்டும் கடைசி வரி வரைக்கும் நடுங்காமல் இருக்கிறது.