நாற்காலியை அறுத்த கார் டிசைனர்

இன்னைக்கு எபிசோட் ஒரு மேசையைப் பத்தி. சிரிக்காதீங்க, காரணம் இருக்கு. வொர்க் ஃப்ரம் ஹோம் ஆரம்பிச்சப்ப நானும் ஒரு மடக்கு மேசை வாங்கினேன். கீபோர்டுல வேகமா தட்டினா மானிட்டர் தலையாட்டும். மடக்குற மேசைன்னாலே ஏன் ஆடணும்னு தேடப் போனவன், 1961ல இங்கிலாந்துல ஒருத்தர் வீட்டுல நடந்த தச்சு வேலையில போய் நின்னேன்.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னணி. பிரிட்டன்ல சுவருக்குக் காகிதம் ஒட்டுறது ரொம்பப் பழைய வழக்கம். எவ்வளவு பழசுன்னா, 1712லயே ராணி ஆன் காலத்துல வால்பேப்பருக்கு வரி போட்டாங்க. 1836 வரைக்கும் அந்த வரி இருந்தது. டிசைன் போட்ட காகிதத்துக்குத்தான் வரி. அதனால சிலர் வெறும் காகிதத்தை ஒட்டிட்டு, அப்புறம் சுவர் மேலயே டிசைன் வரைஞ்சுக்கிட்டாங்க. வரியில ஓட்டை கண்டுபிடிக்கிறதுல எல்லா ஊரும் ஒண்ணுதான்.

இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம், கூலிக்கு ஆள் கூப்பிடாம வீட்டு வேலையைத் தாங்களே செய்யுற மோகம் அங்க பரவுச்சு. பிபிசி டிவில பேரி பக்னெல்னு ஒருத்தர் இதையெல்லாம் செஞ்சு காட்டினார். பழைய விக்டோரியா காலத்துக் கதவுகளோட அழகான வேலைப்பாட்டை ஹார்ட்போர்டு அடிச்சு மூடுறது எப்படின்னு கூட சொல்லிக் கொடுத்தார். அந்த ஹார்ட்போர்டைப் பிடுங்கி எறியுற வேலை அடுத்த தலைமுறைக்கு வந்துச்சு. அது தனிக்கதை.

இப்படித் தானே வேலை செய்யுற வீட்டுல கண்டிப்பா இருந்த ஒரு பொருள், வால்பேப்பருக்குப் பசை தடவுற மேசை. கிட்டத்தட்ட 6 அடி நீளம், 2 அடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். பிரிட்டன்ல வால்பேப்பர் ரோல் அகலம் சுமார் 52 சென்டிமீட்டர், அதுக்கு ஏத்த அளவு. ஆனா 8 அடி உயரச் சுவருக்கு வெட்டின காகிதம் 6 அடி மேசையில முழுசா நிக்காது. அதனால முதல் பாதிக்குப் பசை தடவி, பசைப் பக்கம் உள்ள வர்ற மாதிரி மடிச்சு, அப்படியே இழுத்து அடுத்த பாதிக்குத் தடவணும். உடனே ஒட்டவும் கூடாது. ஈரத்துல காகிதம் கொஞ்சம் விரியும். அது விரிஞ்சு முடியுற வரைக்கும் விடலைன்னா சுவர்ல போய் விரிஞ்சு கொப்புளம் கொப்புளமா நிக்கும்.

இந்த வேலைக்கு மேசை மேல விழுற பாரம் ஒரு பிரஷ் பாரம்தான். அதனால மெல்லிசுக் கால், மெல்லிசுப் பலகை, நடுவுல கீல். வேலை முடிஞ்சா மடிச்சு மாடிப்படிக்குக் கீழ தள்ளிடலாம். ஆனா அதே மேசையில ஒரு கட்டையை வெச்சு ரம்பம் போட்டுப் பாருங்க. ரம்பம் கீழ அழுத்துறதோட, முன்னயும் பின்னயும் தள்ளுது. மேசைக் கால் நேர் பாரத்தை எப்படியோ தாங்கிடும், இந்தப் பக்கவாட்டுத் தள்ளுதலைத் தாங்காது. என் மானிட்டர் ஆடினதும் இதே காரணத்தாலதான்.

தச்சுப் பட்டறை மேசை ஆடாது. ஏன்னா அது அவ்வளவு கனம். பட்டறை இல்லாதவன் அதை எங்க வைப்பான்? சமையலறை மேசை, நாற்காலி, படிக்கட்டுன்னு கிடைச்சதுல வெச்சுத்தான் அறுத்தாங்க.

இங்கதான் ரான் ஹிக்மன் வர்றார். 1932ல தென்னாப்பிரிக்காவுல, நேட்டால் மாகாணத்து கிரேடவுன்ல பிறந்தவர். இங்கிலாந்துக்கு வந்து ஃபோர்டு கம்பெனில கார் மாதிரிகளைக் களிமண்ல செதுக்குற வேலை பார்த்து, அப்புறம் லோட்டஸ் கார் கம்பெனிக்குப் போனார். 1962ல வந்த லோட்டஸ் எலான் அவர் டிசைன். எடை குறையணும், ஆனா உறுதி குறையக் கூடாதுங்கிறதுதான் அந்தக் கம்பெனியோட மூச்சு.

1961ல வீட்டுக்கு ஒரு அலமாரி செஞ்சுக்கிட்டிருந்தவர், நாற்காலி மேல பலகையை வெச்சு அறுத்தார். பலகையோட சேர்த்து நாற்காலியும் அறுந்துச்சு. விலை உயர்ந்த நாற்காலி வேற. அந்தக் கடுப்புல இருந்து பிறந்ததுதான் வொர்க்மேட்.

அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ரெண்டு விஷயம். ஒண்ணு, கீழ இருக்குற படி. அறுக்கும்போது அது மேல ஒரு காலை ஊன்றிக்கணும். அப்போ உங்க உடம்பு எடையே மேசையோட எடை ஆயிடுது. கனத்தை மேசைக்குள்ள வைக்காம, வேலை செய்யுற ஆள்கிட்ட இருந்து கடன் வாங்கிட்டார். தூக்கிட்டுப் போகும்போது அந்தக் கனம் கிடையாது. ரெண்டாவது, மேல் பலகையே வைஸ். ரெண்டு நீளப் பலகைகள், ரெண்டு முனையிலயும் தனித்தனி திருகு. ஒரு முனையை அதிகமாவும் இன்னொண்ணைக் குறைவாவும் திருகலாம். அதனால ஒரு பக்கம் சரிஞ்ச கட்டையையும் இறுக்கிப் பிடிக்கும்.

இதை எடுத்துக்கிட்டு ஸ்டான்லி, பிளாக் அண்ட் டெக்கர்னு பெரிய கம்பெனிகள்கிட்ட போனார். எல்லாரும் வேண்டாம்னுட்டாங்க. நூத்துக்கணக்குல கூட போகாது, டஜன் கணக்குலதான் விக்கும்னு ஸ்டான்லியில சொன்னதா சொல்றாங்க. என் பார்வையில, அவங்க பட்டறை வெச்சிருக்கிற ஆளை மனசுல வெச்சுக் கணக்குப் போட்டுட்டாங்க. நாற்காலியில வெச்சு அறுக்குறவன் அந்தக் கணக்குலயே வரலை.

1968ல தானே செஞ்சு தானே விக்க ஆரம்பிச்சார். 1972ல பிளாக் அண்ட் டெக்கர் மனசு மாறி வந்தாங்க. அடுத்த வருஷம் பெரிய அளவுல உற்பத்தி. 1981க்குள்ள 1 கோடி வித்தாச்சு. காப்பி அடிச்சவங்களும் வந்தாங்க. இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் வரைக்கும் காப்புரிமை வழக்கு போச்சு, ஜெயிச்சது ஹிக்மன். கடைசிக் காலத்தை ஜெர்சி தீவுல கழிச்சு, 2011ல 78 வயசுல காலமானார்.

சரி, பசை மேசை என்ன ஆச்சு? வீட்டுல ரெண்டு வேலைக்கும் ஒரே மேசை வேணும்னா ஒரு வழி இருக்கு. சாதாரண ஃப்ளஷ் கதவு ஒண்ணு. பிரிட்டன் அளவுல 1981 மில்லிமீட்டர் நீளம், 762 அகலம். 52 சென்டிமீட்டர் காகிதம் தாராளமா படுக்கும். கதவோட அடியில குறுக்கே ஒரு ரீப்பரை, கதவு சட்டத்துல பிடிக்கிற மாதிரி திருகுங்க, ஏன்னா நடுவுல பல கதவுகள் உள்ள வெத்து. அந்த ரீப்பரை வொர்க்மேட் வாயில குடுத்து இறுக்குங்க. காகிதம் ஒட்டி முடிச்சதும் பசையைத் துடைச்சுட்டு, கதவைக் கழட்டிச் சுவர்ல சாய்ச்சுடலாம். ரம்பம் எடுக்கும்போது மட்டும் கீழ படியில காலை வைக்க மறக்காதீங்க.