உடன்படிக்கையும் ஓடிப்போனோரும்: ஹிற்றைற்றுப் பேரரசின் ஆட்சிமுறை பற்றிய ஒரு நோக்கு

பேரரசுகளின் வரலாறு பெரும்பாலும் போர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வென்ற நாடுகள் எவ்வாறு கட்டியாளப்பட்டன, அவ்வாட்சியின் சுமையைத் தாங்கியோர் யாவர் என்னும் வினாக்கள் அத்துணைக் கவனம் பெறவில்லை. அனத்தோலியாவின் ஹத்துசாவைத் தலைநகராகக் கொண்ட ஹிற்றைற்றுப் பேரரசு இவ்வினாக்களை ஆராய்வதற்கு ஏற்றதொரு களமாகும். அதன் உடன்படிக்கைகள் பல களிமண் ஏடுகளில் எஞ்சியுள்ளன.

கி.மு. 14ஆம் நூற்றாண்டில் வட சிரியாவைக் கைப்பற்றிய முதலாம் சுப்பிலுலியுமா, கார்க்கெமிஷிலும் அலெப்போவிலும் தன் புதல்வரை அரசராக அமர்த்தினான். உகாரித்து, அமுர்ரு போன்ற நாடுகளில் உள்நாட்டு அரசகுலங்களை அகற்றாது, உடன்படிக்கையாற் பிணித்தான்.

இவ்வுடன்படிக்கைகள் ஏறத்தாழ ஒரே அமைப்பினை உடையன. பேரரசனின் பட்டங்களை அடுத்து இரு நாடுகளின் முன்வரலாறு கூறப்படும். பேரரசன் செய்த நன்மைகளை எடுத்துரைத்து, சிற்றரசனின் கடப்பாட்டை நியாயப்படுத்துவதே அதன் நோக்கமாகும். பின்னர் கடமைகள் விதிக்கப்படும். தெய்வங்கள் சாட்சியாக அழைக்கப்பட்டு, சாபமும் ஆசியும் மொழியப்படும். விலூசா நாட்டு அலக்சாந்து, அவ்வேட்டை ஆண்டுதோறும் மும்முறை தன்முன் படிக்கச் செய்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது.

திறை, படையுதவி, பிற வல்லரசுகளோடு தனியுறவு கொள்ளாமை ஆகியன முதன்மையான கடமைகளாகும். அமுர்ரு மன்னன் அசிரு ஆண்டுதோறும் 300 செக்கெல் பொன் செலுத்த வேண்டியிருந்தது. மணவுறவும் இப்பிணைப்பை வலுப்படுத்தியது.

எனினும், ஓடிப்போனோர் பற்றிய விதிகளே சிறப்பாக நோக்கற்பாலன. ஹிற்றைற்று நாட்டிலிருந்து தப்பியோடி வருவோரைச் சிற்றரசன் பிடித்து ஒப்படைத்தல் வேண்டும். அவன் நாட்டிலிருந்து ஓடிவருவோரைத் திருப்பியனுப்பும் கடமை பேரரசனுக்குப் பொதுவாக இருக்கவில்லை. கி.மு. 1259இல் எகிப்துடன் செய்யப்பட்ட சமநிலை உடன்படிக்கையிலோ இக்கடமை இருசாராருக்கும் பொதுவானது. இவ்வேறுபாட்டின் பொருளியல் அடிப்படை தெளிவானது. முர்சிலி மன்னனின் வேண்டுதல்கள் இருபதாண்டுகள் நீடித்த கொள்ளைநோயைப் பற்றிப் பேசுகின்றன. உழுவோர் குறைந்த நாட்டில், போரிற் கைப்பற்றிக் குடியேற்றப்பட்ட மக்களே உழைப்புச் சக்தியாயினர். ஆதலின், ஓடிப்போன ஒவ்வொருவனும் இழந்துவிட்ட செல்வமாகவே கருதப்பட்டான்.

மூன்றாம் ஹத்துசிலியின் ஆணையொன்றும் இதனைத் தெளிவுபடுத்துகின்றது. ஊரா நகர வணிகர் தம் நாட்டிற்குப் பெருஞ்சுமையாயினர் என உகாரித்து மன்னன் முறையிட்டான். அவர்கள் கோடையில் மட்டுமே அங்கு வாணிகம் செய்யலாம், வீடும் நிலமும் வாங்கலாகாது எனப் பேரரசன் தீர்ப்பளித்தான். ஆயின், கடனை இறுக்க இயலாதவன் மனைவி மக்களோடு அவ்வணிகரிடம் ஒப்படைக்கப்படல் வேண்டும் என்பதும் அதே ஆணையின் விதியாகும். சிற்றரசனின் நிலம் காக்கப்பட்டது. அவனுடைய குடிமகன் காக்கப்படவில்லை.

கி.மு. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹத்துசா வீழ்ந்தது. கார்க்கெமிஷில் அரசகுலக் கிளை நிலைத்து நின்றது. இவ்வாட்சிமுறையின் வலிமை இரு அரசவைகளின் நலன்களை இணைத்தமையில் இருந்தது எனலாம். அவ்விணைப்பின் விலையைக் கொடுத்தோர் தம் பெயரால் எதனையும் எழுதிவைக்கவில்லை. அவர்கள் தப்பியோடினர் என்ற செய்தியை, அதனைத் தடுக்க எழுந்த விதிகளிலிருந்தே நாம் அறிகின்றோம்.