கடல் நடுவே வள்ளுவர்: ஒரு சிலை எழுந்த வரலாறு



ஜூபிலி மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, நம் ஆலயத்தைப் போலவே வெள்ளிவிழாக் கண்ட ஒன்றைப் பற்றி எழுதலாம் எனத் தோன்றியது. கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் திருவள்ளுவர் சிலையே அது. வள்ளுவர் நமக்கு அயலார் அல்லர். அவருடைய அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 1730-ஆம் ஆண்டில் இலத்தீனில் பெயர்த்தவர் நம் வீரமாமுனிவர்.

பெரிய சிலை என்பது சிற்பி தானே நினைத்துச் செய்துவிடக் கூடியதன்று. செய்யச் சொல்பவர் வேண்டும், பொருள் வேண்டும், பொறுமையும் வேண்டும். இச்சிலையைச் செய்வித்தது தமிழக அரசு. எம்.ஜி.ஆர். முதல்வராயிருந்த 1979-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அடிக்கல் நாட்டினார். ஆனால் வேலை தொடங்கியதோ கலைஞர் மு. கருணாநிதி முதல்வராயிருந்த 1990-இல்தான். இடையில் பணி தடைப்பட்டு, மீண்டும் தொடர்ந்து, 2000 ஜனவரி முதல் நாளன்று அவராலேயே சிலை திறக்கப்பட்டது. அடிக்கல்லுக்கும் திறப்புவிழாவுக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன!

சிலையை வடிவமைத்தவர் வை. கணபதி ஸ்தபதி. மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் பணியாற்றியவர். குறளின் 133 அதிகாரங்களை நினைவூட்ட மொத்த உயரம் 133 அடி என்றும், அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காகப் பீடம் 38 அடி என்றும், பொருளுக்கும் இன்பத்துக்கும் உரிய 95 அதிகாரங்களுக்காகச் சிலை 95 அடி என்றும் அளவு வகுக்கப்பட்டது. அறத்தின் மேல்தான் மற்றவை நிற்க வேண்டும் என்பது இதன் பொருள்.

சென்னைக் கடற்கரையில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலை வெண்கலத்தால் ஆனது. அத்தகைய சிலைக்கு முதலில் மாதிரி உருவம் செய்து, அதிலிருந்து அச்சு எடுத்து, உருக்கிய உலோகத்தை வார்ப்பார்கள். கல்லில் அது இயலாது. இவ்வளவு பெரிய உருவத்தை ஒரே கல்லில் செதுக்கிக் கடல் கடத்தவும் முடியாது. ஆகவே அம்பாசமுத்திரம் முதலிய இடங்களில் பட்டறைகள் அமைத்து, கற்களைத் தனித்தனியே செதுக்கி, பாறைக்குக் கொண்டு சென்று, சாரம் கட்டி, வரிசை வரிசையாக ஏற்றிப் பொருத்தினார்கள். மொத்தம் 3,681 கற்கள். எடை ஏறத்தாழ 7,000 டன். சில கற்கள் 15 டன் வரை இருந்தன. சிலையின் உட்புறம் வெற்றிடமாக விடப்பட்டுள்ளது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலும் உழைத்த நம் பங்கினருக்கு இம்முறை எளிதில் விளங்கும். ஒரு பாகம் அளவு தப்பினாலும் அடுத்தது பொருந்தாது அல்லவா?

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அப்பாறையைத் தாக்கியது. சிலை அசையாமல் நின்றது. யாரும் பார்க்க முடியாத உட்புறத்திலும் அக்கற்களைப் பழுதின்றிப் பொருத்திய கைகளுக்கு அது கிடைத்த நற்சான்று.

அடிக்கல் நாட்டியவர், திறந்தவர், ஸ்தபதி ஆகியோரின் பெயர்களை வரலாறு அறியும். கல் உடைத்தவர், சுமந்தவர், சாரத்தில் நின்றவர் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இந்தக் கேள்வி என்னை நம் ஆலயத்தின் பழைய கணக்கேட்டிடம் கொண்டு சென்றது. நன்கொடையாளர் பெயர்கள் ரூபாய், பைசாவோடு அதில் இருக்கின்றன. "கொத்தனார் 4, சித்தாள் 9" என்ற வரிகளில் கூலி இருக்கிறது, பெயர் இல்லை. அவர்களில் சிலர் இன்றும் நம்மோடு ஞாயிறு பூசைக்கு வருகிறார்கள். சிலர் நம் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார்கள்.

ஆதலால் இம்மலரின் கடைசிப் பக்கத்தை வெறுமையாக விடும்படி மலர்க்குழுவினரைக் கேட்டுக்கொண்டேன். பெரியவர்களே, நினைவில் உள்ள பெயர்களை அதில் எழுதி, ஒரு படியைப் பங்கு அலுவலகத்தில் கொடுங்கள். அடுத்த விழா மலரில் அவை முதல் பக்கத்தில் அச்சாகட்டும்.