ஒரு காணி வளர்த்த கலைஞர்: பெவிஸ் பாவாவும் வன்னியின் வளவும்

தோட்டக்கலையைப் பயிர்ச்செய்கையின் ஓர் அங்கமாகவே கருதிப் பழகியவர்கள் நாம். நெல்லுக்கு வயல், மிளகாய்க்கும் கச்சானுக்கும் மேட்டுக்காணி, எஞ்சியது வளவு என்பது வன்னியின் கணக்கு. அந்த எஞ்சிய நிலத்துக்கு வடிவம் கொடுப்பதும் ஒரு கலை. ஒருவர் அதையே தம் வாழ்நாள் தொழிலாகக் கொள்ளலாம் என்ற எண்ணம் இங்கு இன்னும் வேரூன்றவில்லை. இலங்கையில் அக்கலையைத் தொழிலாகவே வாழ்ந்து காட்டிய முன்னோடிகளுள் ஒருவர் பெவிஸ் பாவா (1909–1992). அவருடைய வாழ்க்கையை வன்னி மண்ணில் நின்று வாசிக்க முயல்கிறது இக்கட்டுரை.

கொழும்பின் பெயர்பெற்ற வழக்கறிஞரான பெஞ்சமின் பாவாவின் மூத்த மகன் பெவிஸ். தாய் பறங்கியர் வழிவந்தவர். 1923இல், பெவிஸ் பதின்ம வயதில் இருந்தபோதே தந்தை காலமானார். வழக்காடி ஈட்டிய பணத்தில் அவர் வாங்கியிருந்த இறப்பர்த் தோட்டம் ஒன்று பேருவளைக்கு உட்புறமாகக் கிடந்தது. 1929இல் அது தாயின் வழியாகப் பெவிஸின் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது இருபது. நிலவடிவமைப்பை எந்தக் கல்லூரியிலும் அவர் பயின்றவரல்லர். இறப்பர் மரங்களைச் சிறிது சிறிதாக விலக்கி, வெளியான இடத்தில் விரும்பியதை நட்டு, பிழைத்ததைப் பேணி, பொருந்தாததைப் பிடுங்கியெறிந்து அக்காணியிலேயே கற்றுக்கொண்டார். பிரீப் தோட்டம் என்று இன்று உலகம் அறியும் இடம் அவ்வாறு உருவானதே.

அதற்கிடையில் உத்தியோகமும் இருந்தது. இலங்கைக் காலாட்படையில் அதிகாரியாகச் சேர்ந்த அவர், நான்கு ஆளுநர்களுக்கு அடுத்தடுத்து மெய்க்காவல் துணைவராகப் பணியாற்றினார். ஆறடி ஏழங்குலம் என்று சொல்லப்படும் உயரம் அந்தப் பதவிக்குப் பொருந்தியே இருந்தது. மாளிகைகளின் விருந்துகளையும் சடங்குகளையும் அருகிருந்து கண்டவர், ஓய்வு கிடைத்தபோதெல்லாம் தம் காணிக்கே திரும்பினார். 1950ஐ ஒட்டி அப்பணியிலிருந்து விலகிய பின் தோட்டமே முழுநேர வாழ்வாயிற்று. நாற்றுமேடை வைத்துச் செடி விற்றார்; பிறருடைய இல்லங்களுக்குத் தோட்டம் அமைத்துக் கொடுத்தார்; சிற்பம் செய்தார்; பத்திரிகையில் பத்தி எழுதினார். வாடிக்கையாளர் தேடிவரும் முன்பே இருபது ஆண்டுகள் ஒரே நிலத்தில் உழைத்திருந்தார் என்பது இங்கே கவனிக்க வேண்டியது. தொழிலுக்கு அவர் காட்டிய சான்றிதழ் அந்த நிலம்தான்.

தம்பி ஜெப்ரி பாவா (1919–2003) இதே வழியில் வேறு திசைக்குப் போனார். சட்டம் படித்த அவர், 1948இல் பெந்தோட்டைக்கு அருகே ஏரிக்கரையில் ஓர் இறப்பர்த் தோட்டத்தை வாங்கி, லுணுகங்கத் தோட்டத்தை அமைக்கத் தொடங்கினார். மனத்தில் கண்டதை நிலத்தில் நிறுவத் தம்மிடம் தொழில்நுட்ப அறிவு இல்லை என்று உணர்ந்து இலண்டனில் கட்டடக்கலை பயின்றார். 1957இல் தகுதி பெற்றபோது அவருக்கு 38 வயது. கோட்டேயில் 1982இல் திறக்கப்பட்ட நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்தவரைக் கட்டடக்கலைக்கு இட்டுச்சென்றது ஒரு தோட்டமே.

ஆயினும் இவ்விருவரின் தோட்டங்களையும் அப்படியே பெயர்த்து வன்னியில் வைக்க முடியாது. பேருவளையும் பெந்தோட்டையும் ஆண்டுக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஈரவலயத்தில் உள்ளவை. அங்கே தோட்டக்காரருடைய வேலையில் பாதி, தானாக வளர்வதை வெட்டிக் கட்டுப்படுத்துவது. வன்னியில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையான மாரியில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பிறகு நீண்ட கோடை. அதன் நடுவில் ஈரத்தை உறிஞ்சும் சோளகக் காற்று. இங்கே தோட்டக்காரர் முதலில் தேட வேண்டியவை நிழலும் நீரும்.

அந்தத் தேடலுக்கு நமக்கு நெருங்கிய முன்மாதிரி லக்கி சேனாநாயக்க (1937–2021). ஜெப்ரி பாவாவுடன் பணியாற்றிய ஓவியர், சிற்பி. 1979ஆம் ஆண்டு நாணயத்தாள்களில் இலங்கையின் தாவரங்களையும் உயிரினங்களையும் வரைந்தவர். உலர்வலயத்தில், தம்புள்ளைக்கு அருகே தியபுபுலவில் காணி எடுத்து, அங்கிருந்த ஊற்றுநீரைத் தடாகங்களாகத் தேக்கி, மரங்களை நெருக்கமாக வளர்த்து, சுவர் குறைந்த வீடொன்றில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். பூஞ்செடிப் பாத்திகளைவிட அங்கே முதன்மை பெற்றவை நீரும் மரநிழலும். வறண்ட நிலத்தில் தோட்டம் அமைப்பதென்றால் காட்டையே துணைக்கழைப்பது என்பதற்கு அவ்விடம் சான்று.

வன்னியில் இந்த அறிவு புதிதன்று. குளக்கட்டில் மருதமும், கோயில் முன்றிலில் இலுப்பையும் புளியும், வீட்டோரத்தில் வேம்பும் நின்ற இடங்கள் தற்செயலாக அமைந்தவையல்ல. கிணற்றடி வாழை, கழுவி ஊற்றும் நீரைக் குடித்து வளர்ந்தது. பூவரசும் கிளுவையும் உயிர்வேலியாகிக் காற்றைத் தடுத்தன. அவற்றில் வெட்டிய குழை வயலுக்குப் பசளையாயிற்று. தெற்கு வன்னியின் கடும்பாறைப் பகுதிகளில் குளம் நிறைந்திருந்தால் அயற்கிணறும் நிறையும். குளம் வற்றினால் கிணறும் இறங்கும். ஒரு வளவின் தோட்டம் ஊர்க்குளத்தின் கையிலும் இருக்கிறது என்பதை மூத்த விவசாயிகள் நன்கு அறிவர். காட்டில் பாலை, வீரை, முதிரை எனக் கோடையைத் தாங்கும் மரங்களும் உண்டு.

இந்த அறிவு கையளிக்கப்பட்டுவந்த சங்கிலியைப் போரும் இடம்பெயர்வும் அறுத்தன. 2009க்குப் பின் மீளக் குடியேறியவர்கள் பலர் வந்து கண்டவை தலையிழந்த தென்னைகளும் பற்றை மூடிய வளவுகளும். வீடு கட்டும் அவசரத்தில் நின்ற மரங்களிலும் சில போயின. இப்போது புதிய வீடுகளின் முற்றங்கள் சீமெந்துக் கல்லால் மூடப்படுகின்றன. கோடையில் தினம் நீர் கேட்கும் புல்தரைகள் விரிக்கப்படுகின்றன. படத்தில் பார்த்த தோட்டத்தை நிலத்தைப் பாராமல் நடுவதன் விளைவு இது.

இங்குதான் பெவிஸின் வாழ்க்கை பயன்படுகிறது. இந்தத் துறைக்கு வர விரும்பும் வன்னி இளைஞர் ஒருவர், பிறர் காணியில் கைவைக்கும் முன் தம் வீட்டு வளவை ஒரு மாரியும் ஒரு கோடையும் கவனித்து எழுதட்டும். நீர் எங்கே தேங்குகிறது, பின்னேர வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, எந்த மரத்தின் கீழ் ஆட்கள் தாமாகக் கதிரை போடுகிறார்கள் என்று குறிக்கட்டும். பின்னர் காட்டு மரங்களின் விதை சேர்த்து நாற்றுமேடை போடட்டும். அது கல்வியாகவும் ஆகும், முதல் வருமானமாகவும் ஆகும். அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. வவுனியாவில் விவசாயக் கல்லூரி இருக்கிறது. பயிர் விளைச்சலோடு நிலவடிவமைப்பையும் ஒரு பாடமாக அவை கற்பித்தால், பாடசாலை, மருத்துவமனை, கோயில் வீதி, விருந்தினர் விடுதி என வேலைக்குரிய களங்கள் பல உண்டு.

பெவிஸுக்குக் காணி மரபுரிமையாக வந்தது. அந்த வாய்ப்பு எல்லோருக்கும் இல்லை. ஆனால் பல ஏக்கர் தேவையுமில்லை. குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த ஒரு மேட்டுக்காணித் துண்டும் போதும். ஒரே நிலத்தோடு நெடுங்காலம் இருந்து அதன் குணத்தை அறிந்தவரே பிறருடைய நிலத்துக்கும் சரியான மரத்தைச் சொல்ல முடியும். வன்னிக்குத் தேவையான தோட்டக் கலைஞர்களை வன்னியின் வளவுகளே உருவாக்க வேண்டும்.