நூலுக்கு விடை நூலே

கொல்லிமலை அடிவாரத்தை அடுத்த சேந்தமங்கலத்தில் வாழும் நமக்கு நாமக்கல்லும் திருச்செங்கோடும் அயலூர்கள் அல்ல. அந்த நாமக்கல்லில்தான் 2015ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், பேராசிரியர் பெருமாள்முருகன் தம் 'மாதொருபாகன்' புதினத்திற்காக மன்னிப்புக் கேட்கவும், விற்காத படிகளைத் திரும்பப் பெறவும் இசைய நேர்ந்தது. திருச்செங்கோட்டில் அந்நூல் முன்னரே எரிக்கப்பட்டிருந்தது. தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். 2016ஆம் ஆண்டு சூலை 5ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம், அவ்வுடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. அதன் பின்னர் அவர் மீண்டும் நூல்களை வெளியிடலானார்.

'இது பிறர் வீட்டு வழக்கு, நமக்கென்ன?' என்று நம்மவர் கேட்கக்கூடும். நம் வரலாறு அப்படிக் கேட்க விடுவதில்லை.

கி.பி. 1109இல் ஸ்பெயினின் குர்துபா நகரில் ஒரு நூல் தீக்கிரையாயிற்று. அது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா உலூமித்தீன்'! எரிக்கச் சொன்னவர்கள் மாற்றார் அல்லர். மார்க்கத்தைக் காப்பதாக எண்ணிய மார்க்க அறிஞர்களே. அந்த இஹ்யாவை இன்று தமிழிலும் பெயர்த்துப் பக்தியுடன் ஓதுகிறோம். அன்றைய தீர்ப்பே இறுதியாகியிருந்தால் நம் நிலை என்னாகியிருக்கும்?

தமக்கு உடன்பாடில்லாத நூல்களை இமாம் அவர்கள் எவ்வாறு எதிர்கொண்டார்கள்? பகுதாதில் பாடம் நடத்திய வேலை போக எஞ்சிய நேரத்தில், ஏறத்தாழ ஈராண்டுகள் தத்துவ நூல்களைக் கற்றார்கள். தத்துவியலார் கொள்கையை முதலில் ஒரு நூலில் விளக்கிவிட்டு, அடுத்த நூலில் மறுத்தார்கள். அம்மறுப்புக்குக் குர்துபாவின் இப்னு ருஷ்து மற்றொரு நூலால் மறுப்பு எழுதினார். நூலுக்கு விடை நூலே என்பது அவர்தம் வழி. ஆயினும் 1195இல் இப்னு ருஷ்தின் தத்துவ நூல்களும் எரிக்கப்பட்டன. அவர் நாடு கடத்தப்பட்டார். அவருடைய நூல்களுள் சில இன்று ஹீப்ரு, இலத்தீன் மொழிபெயர்ப்புகளாக மட்டுமே கிடைக்கின்றன. முஸ்லிம் அறிஞரின் செல்வத்தை யூதரும் கிறித்தவரும் காத்துத் தந்தனர்.

தமிழிலும் இது நிகழ்ந்ததே. சமணக் காப்பியமாகிய சீவக சிந்தாமணியை 1887இலும், பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையை 1898இலும் ஆய்ந்து பதிப்பித்தவர் சைவராகிய உ.வே. சாமிநாதையர். சமணரிடமே சென்று ஐயம் கேட்டுத் தெளிந்தார்.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் மத்ரஸாவில் ஓதிய நாளில், வாசகசாலையிலிருந்து ஒரு நூலை அகற்றக் கோரிய மனுவில் நாமும் கையொப்பமிட்டோம். அந்நூலின் ஒரு பக்கத்தையேனும் நாம் புரட்டியதில்லை. இமாமின் ஈராண்டு உழைப்பைப் பின்னர் அறிந்தபோது, அக்கையொப்பம் நம்மை வெட்கப்படுத்தியது.

1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் சொத்துவரியோடு நூலக வரியையும் விதித்தது. அச்சட்டத்திற்குத் தூண்டுகோலாய் நின்ற சீர்காழி அரங்கநாதன், எந்த வாசகரும் தமக்குரிய நூலின்றித் திரும்பலாகாது என்று 1931இலேயே வகுத்தவர். வரி எல்லார் வீட்டிலிருந்தும் செல்கிறது. அலமாரி ஒரு சாராருக்கு மட்டும் உரியதாகலாமா? அங்கே சீறாப்புராணமும் மணிமேகலையும் தேம்பாவணியும் அடுத்தடுத்து நிற்க வேண்டும். கொல்லிமலை மக்களின் வாழ்வைச் சொல்லும் நூலும், ஒடுக்கப்பட்டோர் தாமே எழுதிய நூலும் வேண்டும். மாதொருபாகனும் இருக்க வேண்டும். விரும்பாதவர் எடுக்காது விடலாம், மறுப்பவர் எழுதலாம், அம்மறுப்புக்கும் அதே அலமாரியில் இடமுண்டு.

நாளை சீறாப்புராணத்தை அகற்றக் கோருவார் எழுந்தால், நாம் எந்த முகத்துடன் வாதாடுவோம்? பிறர் நூலுக்காக இன்று பேசியிருந்தால் அன்றி நம் சொல் எடுபடாது. ஓதுமாறு பணித்த கட்டளையோடு தொடங்கிய வேதத்தை உடையவர் நாம். நம் பிள்ளைகளை நூலகத்திற்கு அழைத்துச் செல்வோம்; நம்முடையதல்லாத நூலொன்றையும் அவர்கள் கையில் எடுத்துக் கொடுப்போம்.